உஷார்! எடை மிஷின் சொல்லும் தண்ணீர்க் கணக்கை நம்பாதீர்கள்

வீட்டில் வாங்கி வைத்திருக்கும் ஸ்மார்ட் எடை மிஷின் ‘உடலில் நீர் 44 சதவீதம், குறைவு’ என்று சிவப்பில் காட்டினால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதான பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், அந்த எண்ணை நம்பி அவருக்குத் தண்ணீர் புகட்டவே கூடாது. இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து சொல்லியிருப்பவருக்கு, கூடுதல் நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

அந்த மிஷின் தண்ணீரை அளப்பதே இல்லை. தகட்டில் நிற்கிறீர்கள், உறைக்காத அளவு மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. உப்பு கலந்த உடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். எவ்வளவு தடை என்று பார்த்து, எடையையும் நீங்கள் ஆப்பில் தட்டிய உயரம், வயது, பாலினம் ஆகியவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. மின்சாரம் போய்வருவது பெரும்பாலும் கால்களிலும் இடுப்பிலும்தான். நெஞ்சும் கைகளும் வெறும் அனுமானம்.

சிவப்பு எழுத்தின் சூட்சுமம் இன்னொன்று. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். கொழுப்பில் மிகக் குறைவு. ஆகவே உடம்பு பருமனாக இருந்தாலே சதவீதம் குறைவாகத்தான் வரும். குடம் குடமாகக் குடித்தாலும் அந்த எண் ஏறாது.

சரி, உண்மையாகவே நீர் வற்றினால் காட்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் 30 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம், 50 சதவீதம். வெயிலில் வேலை பார்த்து 1.2 லிட்டர் வியர்வையாகப் போய்விட்டது. நாக்கு வறண்டு தலை வலிக்கத் தொடங்கும் நிலை. இப்போது சதவீதம் 49. ஒரே ஒரு புள்ளி! பாதம் ஈரமாக இருந்தாலோ, தோல் சூடாக இருந்தாலோ, சாப்பிட்டவுடன் ஏறினாலோ அந்த அளவு தானாகவே மாறும். தண்ணீர் குடித்தவுடன் ஏறி நின்றால் இன்னும் வேடிக்கை: எடை கூடியிருக்கும், மின்தடை மாறியிருக்காது, குடித்த தண்ணீரையும் கொழுப்பு என்று எழுதிவிடும்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதற்கு நேர்மாறான பிழை. இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவரை ஏற்றுங்கள். வீக்கத்தில் தேங்கிய நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தடை குறையும். ‘நீர்ச்சத்து நன்று’ என்று பச்சையில் பாராட்டு வரும்! அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அது.

இந்த முறையே மோசடி என்று சொல்லவில்லை. டயாலிசிஸ் பிரிவுகளில் நோயாளியைப் படுக்கவைத்து, கையிலும் காலிலும் பட்டை ஒட்டி, பல அலைவரிசைகளில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் கருவிகள் உண்டு. அங்கேகூட டாக்டர் ரத்த அழுத்தத்தையும் வீக்கத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார். நீர்ச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லித் தோலில் ஒட்டிக்கொள்ளும் வியர்வைப் பட்டைகளோ, ஒட்டிய இடத்தில் எவ்வளவு வியர்த்தது என்றுதான் சொல்லும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

கைவைத்தியச் சோதனைகளிலும் கவனம் வேண்டும். சிறுநீரின் நிறத்தை வைத்து நீர் வற்றியதா என்று முடிவு கட்டாதீர்கள்: பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பு வற்றினாலும் சிறுநீர் வெளுத்தே போகலாம். தோலைக் கிள்ளிப் பார்ப்பது வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு இன்றும் பயன்படும் சோதனை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால் ஆபத்து. தாத்தாவின் புறங்கையில் அதைச் செய்யாதீர்கள். வயதான தோல் எப்போதுமே அப்படித்தான் நிற்கும்.

‘அதிகம் குடித்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்பவர்களுக்கு 2002 பாஸ்டன் மாரத்தான். ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இறங்கியிருந்தது. மூவருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. ஓடும்போது எடை கூடியவர்கள்தான் அதிகம் மாட்டியவர்கள். அதாவது, வியர்த்ததைவிடக் கூடுதலாகக் குடித்தவர்கள்.

அந்த மிஷினில் நம்பத்தக்கது ஒன்று உண்டு: கிலோ. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். வெயிலில் உழைப்பவர் அல்லது ஓடுபவர் முன்னும் பின்னும் பார்த்தால், குறைந்த ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். இதய நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், அது சாப்பாட்டால் வந்த எடை அல்ல. டாக்டருக்கு உடனே போன் போடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்சாரம் பாய்ச்சும் மிஷினில் ஏறவே வேண்டாம். சாதாரண எடை மிஷின் போதும்.

பெரியவர் திடீரென்று உளறினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ எதையும் அளந்துகொண்டிருக்காதீர்கள். நீர் வற்றினாலும் இப்படி ஆகும், சோடியம் இறங்கினாலும் இப்படி ஆகும். ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.