பயண நிறுத்தக் காப்பீடு

பயணத்திற்குரிய பொருட்செலவு, புறப்படும் நாளுக்குத் திங்கள் பல முன்னரே தொடங்கிவிடுகின்றது. வானூர்திச் சீட்டிற்கும் தங்கும் விடுதிக்கும் முன்கூட்டியே பணம் செலுத்துதல் இன்றியமையாததாயிற்று. செலுத்திய நாளுக்கும் புறப்படும் நாளுக்கும் இடையே நோயோ, சாவோ, வெள்ளமோ குறுக்கிடின் அப்பணம் என்னாகும்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே பயண நிறுத்தக் காப்பீடு. ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக் குடும்பங்களும் இந்நாளில் சிங்கப்பூர் முதலிய இடங்கட்குச் சென்று வருகின்றன. ஆதலின் இதன் இயல்பை நாம் ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நன்று.

ஈடு என்னும் சொல் ஒன்றற்கு ஒப்பானதைக் குறிக்கும். ஆகவே காப்பீடு என்பது இழந்த அளவிற்கு ஒப்பத் தருவதேயன்றி, இழந்தவர்க்கு ஊதியம் சேர்ப்பதன்று. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒரு குடும்பத்தார் சிங்கப்பூர்ப் பயணத்திற்கு 1,60,000 ரூபாய் செலுத்தினர் எனக் கொள்வோம். தலைவர் நோயுற்றமையால் பயணம் நின்றது. வானூர்தி நிறுவனம் 40,000 ரூபாயும், விடுதியார் 30,000 ரூபாயும் திருப்பிக் கொடுத்தனர். எஞ்சிய இழப்பு 90,000 ரூபாய். பாலிசியின் உச்ச வரம்பு 1,00,000 எனவும், பயணியே ஏற்கவேண்டிய பங்கு 5,000 எனவும் இருப்பின், காப்பீட்டு நிறுவனம் தருவது 85,000 ரூபாயாகும். முதலிற் செலுத்திய முழுத்தொகையும் கிடைக்கும் என எண்ணுதல் தவறு.

இனி, எக்காரணத்தால் நின்ற பயணத்திற்கும் பணம் கிடைக்குமோ எனின், கிடையாது. பாலிசியில் பெயர் சுட்டிய காரணங்களே செல்லும். பயணியின் கடும் நோய், விபத்து, நெருங்கிய உறவினர் சாவு, இயற்கைச் சீற்றம் முதலியன பெரும்பாலும் இடம்பெறும். மனமாற்றம் ஏற்கப்படாது. முன்னரே உள்ள நோயை மறைத்துப் பாலிசி பெற்றவர் அந்நோயின் பொருட்டு ஈடு கேட்டல் இயலாது. காப்பீடு இருபாலாரின் முழு நேர்மையின்மேல் நிற்கும் ஒப்பந்தமாதலின் என்க.

'நெருங்கிய உறவினர்' என்னும் தொடர் நம் கொங்குநாட்டார் மிகவும் கருதற்குரியது. தாய்மாமன் இறப்பின் நம்மவர் எப்பயணத்தையும் நிறுத்திவிடுவர். பங்காளி வீட்டுச் சாவெனின் தீட்டுக் கழியுமுன் கோயிற் பயணம் செல்லார். ஆனால் பாலிசிகள் பலவற்றில் கணவன், மனைவி, மக்கள், பெற்றோர் என்ற சிலரே உறவினராகக் குறிக்கப்படுகின்றனர். சிலவற்றில் உடன்பிறந்தாரும் மாமனார் மாமியாரும் சேர்வர். மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தப்பெற்ற மருமகன், அம்மாமனின் இழவிற்காகப் பயணத்தை விடுத்துப் பின்னர் ஈடு கேட்கும்போது, 'இவர் எம் பட்டியலில் இலர்' என்னும் விடை வருதல் கூடும். நம் வழக்கம் கூறும் உறவு வேறு, பத்திரம் கூறும் உறவு வேறு. பணம் கட்டுமுன் அப்பட்டியலைப் படித்தறிதல் வேண்டும்.

நிற்க. காலமும் இங்கு முதன்மையானது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் பெருவெள்ளத்தால் மூடப்பட்ட கொச்சி வானூர்தி நிலையம், 29ஆம் நாளிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. வெள்ளம் வந்தபின் அதன்பொருட்டுக் காப்பீடு செய்வது பயனற்றது. அறிந்த இடருக்கு ஈடில்லை என்பது பொதுவிதி. ஆதலின் முன்பணம் செலுத்தும் நாளே காப்பீடு பெறுதற்கும் உரிய நாளாகும்.

உள்நாட்டுச் செலவிற்கும் இஃது ஒக்கும். காட்டுத்தீ அச்சத்தாலும் பெருமழையாலும் டாப்சிலிப்பு வழி சிற்சில காலம் அடைக்கப்படுவதுண்டு. அத்தகைய அரசாணையை ஏற்பதும் ஏலாததும் பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. வால்பாறை செல்வார்க்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் முறை கொணரப்பட்டது. அத்தகைய அனுமதியைப் பெறாது திரும்புவார் தம் கவனக்குறைவிற்கு ஈடு எதிர்பார்த்தல் கூடாது.

இதனோடு மயங்கத்தக்க வேறு இரண்டு உள. இரயில் சீட்டை இணையவழிப் பெறுங்கால் ஒரு ரூபாய்க்கும் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் காப்பீடு, 2016இல் தொடங்கப்பெற்றது. அது விபத்தால் நேரும் சாவு, ஊனம், மருத்துவச் செலவு ஆகியவற்றிற்கே உரியது. நாமே பயணத்தை நிறுத்தின் அது உதவாது. மற்றொன்று, பயணம் நடத்துவோரே அதனை நிறுத்தும்போது அவர் திருப்பித் தரும் பணம். 2020இல் ஊரடங்கால் வானூர்திகள் நின்றபோது, சீட்டுப் பணத்தைத் திருப்புவது பற்றி அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. அது நிறுவனத்தின் கடமை, காப்பீட்டின் கொடையன்று.

இடர் நேர்ந்தவுடன் செய்யத்தக்கன சில. சீட்டையும் விடுதியையும் தாமதமின்றி நீக்கி, இழப்பைக் குறைத்தல் வேண்டும். மருத்துவர் சான்று, இறப்புச் சான்று, பணம் கட்டிய பற்றுச்சீட்டு, திருப்பிப் பெற்ற தொகைக்குரிய கடிதம் ஆகியவற்றைத் தொகுத்து, உடனே நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும். நிறுவனம் மறுப்பின் முதலில் அதனிடமே எழுத்து வடிவில் முறையிடுக. ஒரு திங்களுக்குள் தக்க விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளியாவிடினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டிற்குள் அணுகலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை.

தோப்பு வருவாயிற் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை ஒரு நாளில் இழத்தல் எளிய குடும்பத்திற்குப் பெருந்துன்பமாகும். அதனைக் காப்பதற்குப் பிரீமியம் செலுத்துவதோடு, கையொப்பமிடுமுன் அரைமணி நேரம் பாலிசியைப் படித்தலும் வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோர்க்கு அதனைப் படித்துப் பொருள் கூறுதல், கல்லூரியிற் பயிலும் நம்மனோர் வீட்டிற்குச் செய்யத்தக்க சிறு தொண்டாகும்.