முட்டை வெண்கருவில் ஒரு முகம்

மொரீஷியஸ் தீவில் மோகா என்றொரு ஊர். அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறார்கள். 1834-இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். அவர்களில் கணிசமானோர் சென்னைப் பக்கம் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். 1860-களில் பதிவேடுகளோடு புகைப்படங்களும் சேர்ந்துகொண்டன. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் தங்கள் படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. இந்தக் கெடுபிடிகளை எதிர்த்து 1871-இல் 9,401 பேர் ஒப்பமிட்டு ஒரு மனுக் கொடுத்தார்கள். மறு ஆண்டே விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

ஆளைக் கட்டுப்படுத்துவதற்காக எடுத்த படங்கள்தான். ஆனால் ஐந்து தலைமுறை கழித்து ஒரு குடும்பத்துக்கு அந்த முகத்தைக் காட்ட மிஞ்சியிருப்பவையும் அவையே.

முன்னோர் ஒருவரைத் தேடப் புறப்படுகிறவர் வழியெல்லாம் பிழைகளில் இடறி விழுவார். வயது தப்பாக இருக்கும். பெயர் சிதைந்திருக்கும். எழுதிய ஜில்லாவில் இன்று அந்த ஊர் இருக்காது. படத்தில் நிறம்கூட நிஜமாக இருக்காது. இவையெல்லாம் ஏனோதானோவென்று நேர்ந்த பிழைகள் என்றால் தேடலை அங்கேயே விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு பிழையும் ஒரு விதிக்கு உட்பட்டே நடந்திருக்கிறது. விதி தெரிந்தால் வந்த வழியே திரும்பி நடந்து உண்மைக்குப் பக்கத்தில் போய்விடலாம். குடும்பத் தேடலில் எனக்குத் தீராத வியப்பு இதில்தான்.

முதலில் படத்தைப் பார்ப்போம். 1860-களின் புகைப்படக்காரர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்தாக வேண்டும். அந்தத் தகட்டுக்கு நீல ஒளியும் புறஊதாக் கதிரும்தான் தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை ஏறக்குறைய தெரியாது. ஆகவே சிவப்புக் கரை போட்ட சேலையில் கரை கறுப்பாக விழும். நீலத் துணி இருக்க வேண்டியதைவிட வெளிறிப்போகும். நம் தோலில் இருக்கும் மெலனின் நீலத்தையும் புறஊதாவையும் அதிகமாக உறிஞ்சுவதால், மாநிறமான முகமும் படத்தில் நன்றாக இருண்டுவிடும். மஞ்சள் பூசிய முகமென்றால் இன்னும் இருளும், ஏனென்றால் மஞ்சளின் நிறப்பொருள் விழுங்குவது நீல ஒளியைத்தான். குங்குமம் கறுப்புப் பொட்டாகும். திருநீறு மட்டும் திருநீறாகவே தெரியும். காதிலும் மூக்கிலும் கிடப்பது தங்கமா வெள்ளியா என்றுகூட ஓரளவு ஊகிக்கலாம்: வெள்ளி எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்பி அனுப்பும், தங்கம் நீலத்தைச் சரியாகத் திருப்பாததால் மங்கலாக விழும்.

ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர் 1873-இல், சில சாயங்களைக் கலந்தால் தகட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தெரியவரும் என்று கண்டுபிடித்தார். சிவப்பும் தெரியும் தகடுகள் கடைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆகவே பழைய படத்தில் நிறங்கள் எப்படித் தவறியிருக்கின்றன என்பதே காலத்துக்கு ஒரு சாட்சி.

தகட்டிலிருந்து காகிதத்துக்குப் படம் வரும் விதம் இன்னும் விசேஷம். உப்புக் கலந்த முட்டை வெண்கருவைக் காகிதத்தில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, தகட்டின் கீழே வைத்து வெயிலில் காயப்போடுவார்கள். 1850-இல் பிரான்சின் பிளாங்கார் எவ்ரார் சொன்ன முறை இது. பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் உலகத்து முகங்களில் பெரும்பாலானவை முட்டை வெண்கருவில்தான் பதிந்தன. வெயிலில் உருவாகும் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை. அந்த அளவால்தான் படம் செம்பழுப்பாகத் தெரிகிறது. பின்னால் வந்த ஜெலட்டின் காகிதத்தில் ரசாயனக் குளியலில் வளரும் வெள்ளி, சிக்கு விழுந்த முடிபோல் சுருண்ட இழைகளாக இருக்கும். அது ஒளியை முழுக்க விழுங்குவதால் படம் நல்ல கறுப்பு வெள்ளையாகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே உலோகம். துகளின் வடிவமும் அளவும் மாறியதும் நிறம் மாறிவிட்டது.

வெண்கருப் படம் சீக்கிரம் மங்காமலிருக்க, தங்கக் கரைசலில் தோய்த்தெடுப்பது அன்றைய வழக்கம். வெள்ளித் துகளின்மேல் தங்கம் கொஞ்சம் இடம் பிடிக்கும். குன்றிமணித் தங்கத்துக்கு வழியில்லாமல் கடல் கடந்த ஒருவரின் முகம் 150 ஆண்டு அழியாமலிருக்க அந்தத் துளித் தங்கமும் ஒரு காரணம்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களையும் இப்படிச் சோதிக்கலாம். நல்ல பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது காகிதத்தின் நார் தெளிவாகத் தெரிந்து, மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் வலையாக ஓடினால் வெண்கருப் படமாக இருக்க வாய்ப்புண்டு. நாரே தெரியாமல் வழவழவென்றிருந்தால் பெரும்பாலும் ஜெலட்டின். அதில் பேரியம் சல்ஃபேட் என்ற வெள்ளைப் பூச்சு நாரை மறைத்துவிடும். ஓரங்களில் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிந்தால் வெள்ளி மெல்லக் கரைந்து மேலே ஏறிப் படிந்திருக்கிறது என்று பொருள். ஈரப்பதமும் கந்தகம் கலந்த காற்றும் அதைத் துரிதப்படுத்தும்.

இதையெல்லாம்விட எளிதான சோதனை ஒன்று உண்டு. கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டறையில் படத்தின் பின்பக்கம் காட்டுங்கள். காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது 1950-களிலோ அதற்குப் பிறகோ செய்த காகிதம். சலவைத்தூளில் போடுகிற வெண்மையூட்டிகள் புகைப்படக் காகிதத்துக்கு வந்தது அப்போதுதான். கொள்ளுத்தாத்தா படம் என்று பூவைத்துக் கும்பிடுவது பல வீடுகளில் மூலப்படமே கிடையாது. யாரோ ஒரு சித்தப்பா பின்னாளில் ஸ்டூடியோவில் கொடுத்து எடுத்த நகல்தான் அது. அப்படியானால் மூலப்படம் வேறொரு பங்காளி வீட்டில் இருக்கலாம். அதன் அட்டையில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் தேதியும் இருக்கலாம். அதைத் தேட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் வீட்டில் பிய்க்க முயல வேண்டாம். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் ஊறிக் கண்ணாடியைப் பற்றியிருக்கும். இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துக்கொள்வது உத்தமம்.

இனி எழுத்துப் பதிவுகள். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போய்ச் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் அடையாளம்.

வயதுப் பத்தியில் கண்ணை ஓட்டினால் 20, 25, 30 என்று குவிந்து கிடப்பது புரியும். பிறந்த தேதி தெரியாதவர்கள் உத்தேசமாகச் சொல்லும்போது மனிதமனம் 0-இலும் 5-இலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய இந்தியக் குடிக்கணக்குகளிலும் இதே குவியல்தான். இதை அளக்கவே விப்பிள் குறியெண் என்றொரு கணக்கு இருக்கிறது. 23 முதல் 62 வரையிலான வயதினரில் 0, 5 என்று முடியும் வயது சொன்னவர்கள் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். குவியலே இல்லையென்றால் 100. எல்லோருமே அப்படிச் சொன்னால் 500. பட்டியலில் 30 என்றிருந்தால் 27 முதல் 33 வரை எதுவாகவும் எடுத்துக்கொண்டு தேட வேண்டும். 31 என்று எழுதியிருந்தால் அதை நான் கூடுதலாக நம்புவேன். யாருக்கோ கணக்குத் தெரிந்திருக்கிறது.

ஊர்ப்பெயருக்கு வேறொரு எச்சரிக்கை. வட ஆற்காடு என்று எழுதியிருந்தால் வேலூரைச் சுற்றி மட்டும் தேடுவது போதாது. 1911-இல் அந்த ஜில்லாவின் வடபகுதியைப் பிரித்துத்தான் சித்தூர் ஜில்லா உருவானது. அது இன்று ஆந்திரம். மீதியிலிருந்து 1989-இல் திருவண்ணாமலையும், 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே பெயரில் ஏழெட்டுக் கிராமம் இருந்தால் தாலுக்காப் பத்திதான் கைகொடுக்கும்.

பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முதலியார் 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு இரண்டு எழுத்துமுறை. இதற்கு அமெரிக்காவில் 1918-இல் உரிமம் பெற்ற 'சவுண்டெக்ஸ்' என்ற முறை பயன்படுகிறது: ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒலியால் நெருங்கிய மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடுப்பார்கள். முனுசாமி, மூன்சாமி, முனிசுவாமி மூவரும் 'எம்525' என்ற ஒரே அறையில் வந்து நிற்பார்கள். குப்புசாமியிடம் இந்த முறை தோற்கிறது. அவர் பெயரை 'கே'யில் தொடங்கினால் ஓர் அறை, 'சி'யில் தொடங்கினால் வேறோர் அறை. எனவே முதல் எழுத்தை மாற்றி மாற்றி இருமுறை தேட வேண்டும்.

இந்தப் பட்டியல்களில் நான் அதிகம் மதிப்பது கடைசிப் பத்தி. இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் வடு என்று அதில் இருக்கும். பெயரும் வயதும் ஒருவர் வாயால் சொல்லி மற்றவர் கையால் எழுதியவை. தழும்பைக் குமாஸ்தா தன் கண்ணால் பார்த்து எழுதினார்.

ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. சில குடும்பங்களில் அதற்கு ஈடாக ஜாதகம் இருக்கும். சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஜாதகக் கட்டம் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்து வானத்தின் வரைபடம். அதைக் கொண்டு காலம் கணிக்கலாம்.

'பிரபவ வருடம் ஆனி மாதம்' என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பிவரும். 1867-உம் பிரபவ, 1927-உம் பிரபவ, 1987-உம் பிரபவ. எந்தச் சுற்று? கட்டத்தைப் பார்ப்போம். சூரியன் மாதத்தைத்தான் சொல்லும். குருவும் சனியும் அவ்வளவாக உதவ மாட்டார்கள். குரு ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டு, சனி ஏறத்தாழ 30 ஆண்டு என்பதால் 60 ஆண்டு கழித்து இருவரும் பழைய ராசியிலோ அதற்கு அடுத்ததிலோதான் நிற்பார்கள். இங்கே துப்புக் கொடுப்பது ராகு. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளி அது. பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கும். 60 ஆண்டில் மூன்று சுற்று முடிந்து மேலும் 80 பாகை போய்விடும், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ராசி. பிரபவ ஆனியில் ராகு சிம்மத்தில் இருந்தால் அது 1867. மிதுனத்தில் இருந்தால் 1927. மீனமென்றால் 1987. பேரனா தாத்தாவா என்ற சந்தேகம் ஒரு கட்டத்தைப் பார்த்ததும் தீர்ந்துவிடுகிறது.

இன்னும் நுணுக்கமாகப் போக 'இருப்பு தசை' வரியைப் பார்க்க வேண்டும். பிறந்த நேரத்தில் சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருந்தது என்பதை அது ஆண்டு, மாதக் கணக்கில் சொல்கிறது. உதாரணத்துக்கு, சுக்கிர தசை 20 ஆண்டு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். அப்படியானால் இருப்பில் ஒரு மாதம் என்பது பிறந்த நேரத்தில் சுமார் 6 நிமிடம்.

ஆனால் இன்றைய கணினியில் நேராகப் போட்டால் விடை சில மணிநேரம் தள்ளிப்போகலாம். பழைய தமிழ் ஜாதகங்கள் பெரும்பாலும் வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்தவை. சந்திரன் நிலையை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்த மரபு அது. 248 நாளில் சந்திரன் தன் வேகமாறுதலை ஏறக்குறைய சரியாக ஒன்பது முறை முடித்துவிடுகிறது. ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில், ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் எழுத்தே இல்லாமல் தரையில் சோழிகளை வைத்து அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிந்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடம்தான் தவறியது. முடிவு 52 நிமிடம் தவறியது. இந்தப் பிழையும் விதிப்படி வந்ததுதான். ஜாதகத்தை வாக்கிய முறையிலேயே திரும்பக் கணித்தால் எழுதியவர் கண்ட அதே வானம் கிடைக்கும், பிறகு நேரமும் கிடைக்கும்.

டர்பனிலிருந்தோ போர்ட் லூயிஸிலிருந்தோ வேர் தேடி வருகிறவர்களிடம் ஒரு எண்ணும் தகப்பன் பெயரும் சிதைந்த ஊர்ப்பெயரும் இருக்கும். அந்த ஊரில் தங்கிவிட்ட தம்பியின் வழியினர் வீட்டுப் பரணில் யாருடையதென்று தெரியாத ஜாதகக் கட்டு ஒன்று கிடக்கலாம். வீடு ஒழிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான். எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்துவிடுங்கள்: ராசிக் கட்டம், நவாம்சம், இருப்பு தசை வரி, பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் எதுவானாலும்.