விளையாட்டு விதிகள் யாருக்குச் சொந்தம்?

ஆடு புலி ஆட்டத்துக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் கோடுகள், அவ்வளவுதான். அமிர்தியில் எங்கள் மாணவர்கள் சாக்பீஸால் கட்டம் வரைந்து, தங்கள் வசதிக்கு விதியையும் மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள்.

வகுப்பறைக்காக நாம் உருவாக்கும் கதை விளையாட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. விளையாட்டின் விதி என்ற கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அதை விளக்கும் சொற்கள், படங்கள், கதைமாந்தர்கள் ஆகியவற்றுக்கு உண்டு. எழுதி முடித்ததுமே அந்த உரிமை வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் ஒரு நல்ல அட்டைத் தொகுப்பைத் தெலுங்கில் மாற்ற ஓர் எல்லையோரப் பள்ளி ஆசிரியர் விரும்பினால், உருவாக்கியவரிடம் அனுமதி பெற வேண்டும். பெரும்பாலும் அதில் பெயரே இருக்காது. யாரிடம் கேட்பது?

இதே சிக்கலில் ஒரு பெரிய விளையாட்டு உலகமே சிக்கி மீண்டிருக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளைப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் என்கிறோம். ஒருவர் கதை சொல்லி. அவர், "காட்டாற்றில் வெள்ளம் வருகிறது, என்ன செய்வாய்?" என்று கேட்பார். வனக்காவலராக இருக்கும் மாணவி பதில் சொல்லிப் பகடையை உருட்டுவாள். பேச்சுத்திறனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து குறைவு.

இவ்வகையில் முதலாவதும் புகழ்பெற்றதும் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'திறந்த விளையாட்டு உரிமம்' ஒன்றை வெளியிட்டது. அடிப்படை விதிகளின் பாடத்தை யாரும் கட்டணமின்றி எடுத்தாண்டு, தங்கள் நூல்களை எழுதி விற்கலாம் என்றது அது. அதை நம்பிப் பல சிறு பதிப்பகங்கள் வளர்ந்தன.

2023 ஜனவரியில் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருவாய் ஈட்டுவோர் கூடுதல் தொகையில் 25 விழுக்காடு வரை பங்கு தரவேண்டும் என்றது வரைவு. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த ஓர் அனுமதியை எப்படி விலக்க முடியும்? பழைய உரிமத்தில் 'நிரந்தரமானது' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற இயலாதது' என்ற சொல் இல்லை. வழக்கறிஞர்கள் வாதிட அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

விளையாடுவோரின் எதிர்ப்பு பெரிதாக எழவே, ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் 'பெயர் குறிப்பிடல் 4.0' உரிமத்தில் வெளியிட்டது. இந்த உரிமத்தின் வாசகம் அந்த நிறுவனத்தின் கையில் இல்லை. திரும்பப் பெறவும் இயலாது. போட்டி நிறுவனமான பைசோவின் முன்முயற்சியில் அதே ஆண்டு 'ஓஆர்சி' என்ற உரிமமும் வந்தது. 2025இல் வந்த புதிய விதித் தொகுப்பும் கிரியேட்டிவ் காமன்ஸ் வழியையே பின்பற்றியது. இனி இத்துறையில் உரிமத்தை உரிமையாளரே எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் எடுபடாது என்றே நினைக்கிறேன்.

பொதுவாக்குதல் நமக்குப் புதிதன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு பெற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளம் 2015 முதல் சிறுவர் கதைகளை இதே பெயர் குறிப்பிடல் உரிமத்தில் தருகிறது. தமிழ்க் கதைகளும் அதில் உள்ளன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு, அக்கதையை நாளையே பகடை விளையாட்டாக மாற்றலாம்.

நாம் உருவாக்கும் அட்டைகளுக்கு எந்த உரிமம் பொருந்தும்? வணிக நோக்கத்துக்குத் தடை விதிக்கும் உரிமத்தைப் பலர் விரும்புவர். கைடு போட்டு விற்றுவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சுச் செலவுக்கு விலை வைக்கும் தொண்டு நிறுவனமும் அதனால் தயங்கும். 'பெயர் குறிப்பிடல் – அதேபோல் பகிர்தல்' என்பதே என் தேர்வு. விற்பவரும் நம் பெயரைப் போடவேண்டும். தாம் செய்த மாற்றங்களையும் அதே உரிமத்தில் தரவேண்டும். தமிழ் விக்கிப்பீடியா இயங்குவதும் இவ்வகை உரிமத்தில்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் எடுத்த பிறர் படத்துக்கு நாம் உரிமம் வழங்க முடியாது. மாணவர்களையே வரையச் சொல்லலாம், பெற்றோர் ஒப்புதலுடன். அடுத்து, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். துறைப் பயிற்சிக்காகத் தயாரித்தவற்றைத் துறையின் ஒப்புதல் பெற்ற பிறகே இவ்வாறு வெளியிட வேண்டும்.

உருவாக்கியவர் பெயர், ஆண்டு, உரிமத்தின் முழுப்பெயர், '4.0' என்ற பதிப்பு எண். இந்த ஒரு வரியை முகப்பில் மட்டும் போடாமல் ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். வாட்ஸ்அப்பில் அட்டைகள் தனித்தனிப் படங்களாகத்தான் பயணிக்கின்றன.