மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் கரிசல் நில மாணவரும்

பல்கலைக்கழகம் என்ற அளவில் உயர்ந்த கட்டடங்களும் நூலகமும் விடுதியுமே நம் நினைவிற்கு வருவன. ஆயினும் அதன் எல்லை மதிற்சுவரோடு முடிவதன்று. தென்கோடிக் கடற்கரை மாவட்டங்களுக்கெனத் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை மணியாச்சியினின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும்.

1990-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினின்று பிரிந்து இஃது உருவாயிற்று. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்கள் இதன் எல்லையுள் அடங்கின. 2019-இல் தனி மாவட்டமான தென்காசியும் இதனுட்பட்டதே. 1891-இல் 'மனோன்மணியம்' என்னும் நாடகநூலை வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் (1855–1897) நினைவாகப் பெயர் அமைந்தது. அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கமே 1970 முதல் தமிழக அரசு விழாக்களில் வாழ்த்துப் பாடலாக ஒலித்து வருகின்றது. தலைமையிடம் நெல்லை நகருக்கு மேற்கே அபிசேகப்பட்டியில் உள்ளது; கடல்சார் ஆய்வு மையமோ குமரி மாவட்டத்து இராசாக்கமங்கலத்தில் அமைந்துள்ளது.

இதன் மாணவர் இருவகையினர். பல்கலைக்கழகத் துறைகளில் நேரே பயில்வோர் ஒருவகையினர். இணைவு பெற்ற கல்லூரிகளில் பயில்வோர் மற்றொரு வகையினர். பின்னவரே மிகப் பலர். இணைவு என்பது யாதெனின், கற்பித்தலைக் கல்லூரியும், பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகமும் ஏற்கும் முறையாம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி 1951-இல் தோன்றியபோது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது; 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் அதனையும், 1990-க்குப் பின் இதனையும் சார்ந்தது. கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்க, பட்டம் வழங்கும் இடம் மாணவனை நோக்கிப் படிப்படியாக நெருங்கி வந்ததனை இதனால் அறியலாம்.

மணியாச்சி, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு. இருநகரும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்த் தொலைவின. வடக்கே கோவிற்பட்டியிலும் கல்லூரி உண்டு. ஆகலின் இவ்வூர்ப் பக்கத்து மாணவர்க்கு விடுதி வாழ்வினும் இரயிலும் பேருந்துமே மாணவ வாழ்வாகும். மாலை வண்டி தவறாமைப் பொருட்டு நூலகத்தையும் சொற்பொழிவுகளையும் துறந்து செல்வோர் பலர். பெண்மக்கள் படிப்பைப் பெற்றோர் முடிவு செய்யுங்கால், மதிப்பெண்ணினும் வண்டி வந்துசேரும் நேரமே முதற்கண் ஆராயப்படுதலும் உண்டு. அரசுப்பள்ளியில் பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தமை, இவ்வழிச்செலவை ஓரளவு தாங்குகின்றது.

மற்றோர் இடர்ப்பாடு காலம் பற்றியது. கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசித் திங்களில் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விதைப்பர், தொடர்ந்து களையெடுப்பர். முதற்பருவத் தேர்வுகளோ பெரும்பாலும் நவம்பரை ஒட்டியே நிகழ்வன. வீட்டிற்கு ஒவ்வொரு கையும் வேண்டப்படும் நாளும், மாணவன் ஏட்டைப் பிரியாதிருக்க வேண்டிய நாளும் ஒன்றாகின்றன. கூலிக்கு ஆள் வைக்க இயலாத குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கு இது சிறு தடையன்று. தவறிய தாளை அடுத்த பருவத்தில் எழுதலாம். தவறிய ஈரம் மீண்டும் வாராது.

கற்பிக்கும் நிலையம் தன்னைச் சூழ்ந்த நிலத்தின் காலத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். பட்டம் வழங்கும் இடம் அருகே வந்துவிட்டது. தேர்வு அட்டவணையும் பயண வசதியும் கரிசற் குடும்பத்திற்கு அணுக்கமாதலே இனி வேண்டற்பாலது.