மோட்டார் வண்டியின் முன்விளக்கும் ஒளிக்கற்றையும்

இரவில் ஓடும் மோட்டார் வண்டியின் முன்விளக்கிற்கு இரு கடமைகள் உள. தன் சாரதிக்கு வழி காட்டுதல் ஒன்று. எதிரே வருபவரின் கண் கூசாதவாறு காத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் நிறைவேற்றுவது ஒளியின் மிகுதியன்று. அது செல்லும் ஒழுங்கேயாகும். அவ்வொழுங்கு அமையுமாற்றை ஈண்டு நோக்குவாம்.

மின்குமிழின் தங்குதன் இழை ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசும். அதனைத் திரட்டி முன்னோக்கிச் செலுத்துவது பின்னேயுள்ள பரவளைவு ஆடி. இவ்வாடிக்குக் குவியம் எனும் ஒரு புள்ளி உண்டு. அங்கிருந்து புறப்படும் கதிர்கள் ஆடியிற் பட்டுத் தெறித்தபின் அச்சுக்குச் சமாந்தரமாகச் செல்லும். இழை புள்ளியன்று, நீளமுடையது. ஆதலாற் கற்றை சிறிது விரியும். கண்ணாடி மூடியில் நெடுக்குவரிகள் அமைந்த விளக்குகளில், அவ்வரிகள் ஒளியைப் பக்கவாட்டிற் பரப்புகின்றன.

1971 ஆம் ஆண்டில் அறிமுகமான எச்-4 மின்குமிழில் இரண்டு இழைகள் உள. நெடுந்தூர ஒளிக்குரிய இழை குவியத்தை ஒட்டி நிற்கும். தாழ்ந்த ஒளிக்குரிய இழையோ குவியத்திற்குச் சற்று முன்னே நிற்பது. அதனால், ஆடியின் மேற்பாதியிற் பட்ட கதிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து வீதியில் விழும். கீழ்ப்பாதியிற் படுவன மேல்நோக்கி எழுமாதலால், அவற்றைத் தடுக்க இழையின் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. கற்றையின் மேலெல்லையைக் கூரிய கோடாக வகுப்பது அக்கிண்ணத்தின் விளிம்பே. இலங்கை போன்று இடப்பக்கமாக வண்டி செலுத்தும் நாடுகளில் அக்கோடு இடப்புறத்தே சற்று உயர்ந்து, ஓரமாக நடப்போரைக் காட்டும்.

இவ்வமைப்பின் நுட்பத்தைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். நிலத்தினின்று 65 சதமமீற்றர் உயரத்தில் உள்ள விளக்கின் மேலெல்லை, மீற்றருக்கு ஒரு சதமமீற்றர் வீதம் தாழ்ந்து செல்வதாகக் கொள்க. அது 65 மீற்றர் தூரத்தில் நிலத்தைத் தொடும். ஆடியின் குவியத் தூரம் 25 மில்லிமீற்றர் ஆயின், இழை அரை மில்லிமீற்றர் கீழிறங்கிய மாத்திரத்தே, ஆடியின் நடுவிடத்திற் பட்டுத் தெறிக்கும் கதிர் மீற்றருக்கு இரண்டு சதமமீற்றர் வீதம் மேலே திரும்பும். தாழவேண்டிய கற்றை இப்போது மீற்றருக்கு ஒரு சதமமீற்றர் வீதம் உயரும். 50 மீற்றருக்கு அப்பால் அதன் உயரம் 115 சதமமீற்றர். எதிரே காரில் வருபவரின் கண்மட்டமும் ஏறக்குறைய அதுவே.

இழைக்குமிழுக்கென வகுத்த ஆடியில் எல்.ஈ.டி. குமிழைப் பொருத்துவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஒளிரும் பகுதியின் இடமும் அளவும் பழைய இழையினின்று வேறுபடின், ஆடி அதனை முறையாகச் செலுத்த மாட்டாது. வண்டியின் முன்னே நிலம் வெண்மையாகத் தோன்றுதல் கண்டு சாரதி மகிழலாம். சிதறிய கதிர்களோ எதிரே வருபவரைச் சில கணம் குருடாக்கும். குமிழை மாற்றியபின் வண்டியைச் சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளியின் மேலெல்லை கூர்மையாகவும் விளக்கின் உயரத்திற்குக் கீழாகவும் உள்ளதா எனப் பார்த்தல் எளிய சோதனையாகும். அதனைச் செய்யச் சில நிமிடங்களே போதும். அதனாற் காக்கப்படுவது முன்பின் அறியாத ஒருவரின் உயிராதல் கூடும்.