பழைய கூட்டத்தில் புதுக் குஞ்சுகள்

கோழிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை உண்டு. தீனியை முதலில் எடுப்பது எது, வழிவிட்டு ஒதுங்குவது எது, அடையும்போது உயரத்தில் உட்காருவது எது என்பதெல்லாம் கொத்தியும் கொத்து வாங்கியும் முடிவானவை. நார்வே விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே 1921-இல் இதை ஆராய்ந்து விவரித்தார். கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. தெரியாத தலை உள்ளே வந்தால் வரிசை குலைந்து சண்டை மூள்கிறது. வாங்கிய குஞ்சுகளை அன்றே கொல்லையில் இறக்கிவிட்டால் உச்சந்தலையில் விழும் நாலு கொத்திலேயே செத்துப்போகக்கூடும்.

சண்டையைவிடப் பெரிய ஆபத்து நோய். வெளியிலிருந்து வரும் குஞ்சுகள் மூன்று நான்கு வாரமாவது தனியிடத்தில் இருக்க வேண்டும். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே குஞ்சுகளிடம் போவது நல்லது. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் தடுப்பூசியும் தவறக் கூடாது.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இதைவிட நல்ல வழி வேறில்லை. அடை உட்கார்ந்து இரண்டு மூன்று வாரம் ஆன நாட்டுக்கோழியின் வயிற்றடியில், நன்றாக இருட்டிய பிறகு, முட்டைகளை எடுத்துவிட்டு ஓரிரு நாள் வயதுள்ள குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். விடியும்போது பக்கத்தில் ஆள் இருப்பது அவசியம். கோழி தணிந்த குரலில் கொக்கரித்துச் சிறகைத் தளர்த்திக் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கொத்தினால் குஞ்சுகளை உடனே எடுத்துவிட வேண்டும். ஏற்றுக்கொண்ட தாய், மற்ற கோழிகளை அண்டவிடாது. தனியிடத்தில் இருக்கும் வாரங்கள் முடிந்த பிறகு கூட்டத்துக்குள் குஞ்சுகளை அழைத்துப்போகும் பொறுப்பும் அதனுடையதே. ஒரு வாரம் கடந்த குஞ்சுகள் புதுத் தாயோடு ஒட்டுவது அரிது.

தாயில்லாத குஞ்சுகளுக்குப் பல்பின் சூடுதான் கதகதப்பு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். எட்டு வாரமாகி, பெரிய கோழியில் பாதிக்கு மேல் வளர்ந்த பிறகே சேர்க்கும் பேச்சு. அப்போதும் முதலில் கண்ணால் பழக வேண்டும். கொல்லையிலேயே சிறுகண் கம்பிவலை அடித்து அதற்குள் குஞ்சுகளை விடலாம். பஞ்சாரத்தின் இடுக்கு வழியே அலகு நுழையும் என்பதால் தொடக்கத்தில் வலையே பத்திரம். பெரிய கோழிகள் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்கும், வலையைக் கொத்தும், நாளடைவில் சலித்து மேயப் போய்விடும். வலைக்கு இருபுறமும் தீனி வைத்தால் பக்கத்தில் நின்று தின்னப் பழகும். இதற்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். இங்கே காட்டும் அவசரம் குஞ்சுகளைக் காவு வாங்கிவிடும்.

கலக்கும்போது கூண்டுக்குள் விடாமல் திறந்த வெளியில், சாயங்காலம் அடையப்போகும் நேரத்துக்குச் சற்று முன் விட வேண்டும். ஒற்றைக் குஞ்சாக விடவே கூடாது. மூன்று நான்கு குஞ்சுகளாவது சேர்ந்தே போக வேண்டும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். சுவரில் சாய்த்த பலகையோ சோளத்தட்டைக் கட்டோ குஞ்சுகள் ஓடி ஒளிய உதவும். ஒரு கொத்து கொத்திவிட்டு விலகினால் தலையிட வேண்டாம். ரத்தம் தெரிந்தால் அந்தக் குஞ்சைத் தூக்கத் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டு மற்றவையும் வந்து கொத்தும். ஒரே கோழி விடாமல் துரத்தினால் அதைப் பிடித்து மூன்று நாள் தனியே அடைத்தால் போதும். திரும்பி வரும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும்.

தீனியிலும் கவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் கொடுத்துவிட்டு, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைக்கலாம்.

முதல் சில வாரம் இளங்கோழிகள் தரையோரமாக ஒண்டியே அடையும். பிறகு மெல்லக் கம்பின் ஓரத்தில் இடம் பிடிக்கும். ஆறு மாதத்தை ஒட்டி வெடக்கோழிகளின் கொண்டை சிவந்து முட்டையிடத் தொடங்கும்போது வரிசைக்கான சண்டை மறுபடி கிளம்பும். அது சில நாளில் அடங்கும். அதற்குள் முட்டையிட இன்னொரு கூடை வைத்துவிட வேண்டும்.