கடலில் முங்கிய கையோடு மலை ஏறாதீர்கள்

புதுச்சேரியிலோ ராமேசுவரத்திலோ பகலில் ஸ்கூபா டைவிங் முடித்து, இரவு வண்டி பிடித்தால் விடியும்போது கொடைக்கானலில் இறங்கிவிடலாம். சில நாள் விடுமுறையில் கடலையும் மலையையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவருக்கு இது வசதியான திட்டமாகத் தோன்றும். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர், பெருமாள்மலை பக்கத்திலிருந்து கடற்கரைக்குப் போய் டைவ்மாஸ்டர் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கோ அதுதான் வீடு திரும்பும் வழி. நேரம் பார்க்காமல் செய்தால் இந்தப் பயணம் ஆளை முடக்கிப்போடக்கூடும். அது எப்படி என்பதையும், பயிற்சிக்குப் பணம் கட்டுகிறவருக்கு என்ன உரிமைகள் உண்டு, கெடுதல் நேர்ந்தால் எங்கே போவது என்பதையும் மலைவாசிகளும் பயணிகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உயரம் ஏன் ஆபத்து?

ஸ்கூபா சிலிண்டரில் வெறும் ஆக்சிஜன்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் அடைக்கப்படுவது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

அது முழுதாக வெளியேறுவதற்குள் சுற்றியுள்ள காற்றழுத்தம் மேலும் குறைந்தால், கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகத் திரளும். மூட்டுகளில் திரண்டால் வலி. முதுகுத் தண்டைத் தாக்கினால் கால் மரத்துப்போகும், சிறுநீர் கழிக்க முடியாது, நடையே போய்விடலாம். டைவர்கள் இதை ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். மருத்துவத்தில் அழுத்தநீக்க நோய். தூத்துக்குடிக் கடலில் கம்ப்ரஸர் குழாய் வழியாகக் காற்றெடுத்துச் சங்கு குளிக்கும் தொழிலாளர்களிடையே இதனால் கை கால் விழுந்தவர்கள் உண்டு.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். செண்பகனூர் அதற்குச் சற்றுக் கீழே. மலைப்பாதையில் அதற்கு முன்பே வரும் வெள்ளி நீர்வீழ்ச்சியே 1,800 மீட்டரில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அடிவாரத்து வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் செண்பகனூர் வந்து சேர்வதற்குள் உப்பிப் புடைத்துவிடுவது இதனால்தான். பறக்கும் விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் குறைவாகவே இருக்கும்; பெரும்பாலும் 2,400 மீட்டர் உயரத்தைத் தாண்டாத அளவில் அதை வைத்திருப்பார்கள். டைவ் செய்த அன்று விமானம் ஏறக் கூடாது என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லித்தருகிறார்கள். கொடைக்கானலுக்கு ஏறுவதும் உடம்பைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட அதேதான். பஸ் டிக்கெட் எடுத்து ஏறுவதால் அது யாருக்கும் தோன்றுவதில்லை.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்?

டைவர்களின் பாதுகாப்புக்காக 1980 முதல் இயங்கும் ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ விமானப் பயணத்துக்குத் தந்துள்ள வழிகாட்டுதல் சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயர அழுத்தத்துக்குப் பொருந்தும். நம் மலை இந்த எல்லைக்குள்தான் வருகிறது. அதன்படி ஒரே ஒரு முறை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல முறையோ, தொடர்ந்து பல நாட்களோ முங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வரவேண்டிய அளவுக்கு ஆழமான, நீண்ட டைவ் என்றால் 18 மணி நேரத்தையும் தாண்டி நன்றாகப் பொறுக்க வேண்டும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

கணக்கைப் பாருங்கள். பல நாள் பயிற்சியின் கடைசி டைவ் மாலை 4 மணிக்கு முடிகிறது என்றால், மறுநாள் காலை 10 மணிக்கு முன் வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறக் கூடாது. இரவுப் பேருந்தோ விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கிவிடும். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இறங்கி, தூங்கி, சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் புறப்படுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

மீட்பு வகுப்பில் உதவுகிறவரின் உடம்பு

டைவ்மாஸ்டர் என்பது தொழில்முறை டைவர் வரிசையில் முதல் படி. டைவர்களுக்குச் சான்று வழங்கும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் விதிப்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ரெஸ்க்யூ (மீட்பு) டைவர் சான்று வேண்டும். பயிற்சியில் சேர 40 டைவ், சான்று பெற 60 டைவ் பதிவேட்டில் இருக்க வேண்டும். மருத்துவரின் தகுதிச் சான்றும் முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். நிற்காமல் 400 மீட்டர் நீந்துவது, களைத்த ஆளை 100 மீட்டர் இழுத்து வருவது போன்ற தேர்வுகளும் உண்டு.

ரெஸ்க்யூ வகுப்பு நடக்கும்போது, ஆபத்தில் மாட்டியவராக நடிக்கும் வேலை பெரும்பாலும் டைவ்மாஸ்டர் பயிற்சியில் இருப்பவருக்கே வரும். களைத்துப் போனவராக, பதறிக் கையைக் காலை உதறுபவராக, அடியில் அசைவற்றுக் கிடப்பவராக அவர் நடிக்க வேண்டும். அசைவற்றவரை மேலே கொண்டுவரும் பயிற்சியை நான்கு மாணவர்கள் ஆளுக்கு இரண்டு தடவை செய்தால், மாணவர் மேலே வருவது இரண்டு தடவை. நடிப்பவர் மேலே வருவது எட்டுத் தடவை. ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கி ஏறினால் காதுச் சவ்வு நோகும், குமிழி திரளும் வாய்ப்பும் கூடும். ஆழம் குறைவுதானே என்று இதைக் கணக்கில் சேர்க்காமல், அன்று இரவே மலைக்குப் பஸ் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. காத்திருக்கும் நேரத்தை இந்தப் பயிற்சியின் கடைசி ஏற்றத்திலிருந்தே எண்ண வேண்டும்.

நடிப்பவர் இன்னும் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். நடிக்கும் வேலையை முறை வைத்து மாற்றச் சொல்லலாம். “இது நடிப்பில்லை, எனக்கு உண்மையாகவே முடியவில்லை” என்பதற்குத் தனியாக ஒரு சைகையைத் தண்ணீரில் இறங்கும் முன்பே பேசி முடிவுசெய்யச் சொல்லலாம். மயங்கிக் கிடப்பதாக நடித்தாலும் மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கக் கூடாது, மூச்சை அடக்கவே கூடாது. மூச்சை அடக்கியபடி மேலே இழுக்கப்பட்டால், சில மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம்.

அறிகுறி தெரிந்தால்

தோள், முழங்கை, முழங்காலில் விட்டு விலகாத வலி, காரணமில்லாத கடும் அசதி, தோலில் அரிப்போ திட்டோ, கை கால் மரத்தல், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் போகாமை ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மலையில் இதை இனங்காண்பது கடினம். மூட்டு வலியைக் குளிர் என்றும், தலைசுற்றலை வளைவுப் பாதையில் வந்தது என்றும், அசதியைப் பயணக் களைப்பு என்றும் சொல்லித் தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். அதற்குள் முதுகுத் தண்டு கெட்டுப்போகலாம்.

உடனே 108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்து முழு ஆக்சிஜன் கொடுக்கச் செய்யுங்கள். மேலும் மேலே கொண்டுபோகாதீர்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக “நேற்று ஸ்கூபா டைவ் செய்தேன், அதன் பிறகு மலை ஏறினேன்” என்று சொல்லுங்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், கடைசியாக மேலே வந்த நேரம் மூன்றையும் சொல்லுங்கள். வலி போகும் என்று மறுபடி தண்ணீரில் முங்கக் கூடாது. முறையான சிகிச்சை, அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் தருவது. அந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. பயிற்சி மையத்தின் அவசரத் திட்டத்தில் மிக அருகிலுள்ள அழுத்த அறையின் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

“நீதான் டைவர் ஆச்சே, இறங்கிப் பாரு”

ஏரியிலோ அருவிக் கயத்திலோ யாராவது விழுந்துவிட்டால், ஊரில் டைவர் என்று பெயரெடுத்த பிள்ளையை எல்லோரும் கூப்பிடுவார்கள். கடலில் பெற்ற ரெஸ்க்யூ சான்று, கலங்கிய மலை நீரில் ஆள் தேடுவதற்கான சான்று அல்ல. 300 மீட்டருக்கு மேலே உள்ள நீர்நிலையில் முங்குவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். 1863-இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் உயரத்தில் 10 மீட்டர் இறங்கினால், கடல் மட்டத்துக்கான அட்டவணைப்படி 12 மீட்டருக்கு மேல் இறங்கியதாகக் கணக்கிட வேண்டும். குளிரும், பாசியும், கண் தெரியாத சேறும் சேர்ந்தால் தேடப் போனவரையும் தேட வேண்டியதாகிவிடும். 101 அல்லது 112-ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை வரவழையுங்கள். கரையிலிருந்து கயிறு வீசுவதும், மிதவை எறிவதும், மேலே தூக்கப்பட்டவருக்கு மூச்சுக் கொடுப்பதும் பயிற்சி பெற்றவரால் செய்ய முடிகிற பெரிய உதவிகள். மறுப்பது கோழைத்தனம் அல்ல என்பதை ஊர்ப் பெரியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

• பயிற்சியாளரின் பெயரும் சான்று எண்ணும். அந்த எண் இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

• படகில் ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, தொடர்புக் கருவி. கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

• காற்றுச் சிலிண்டரின் தோளில் பொறித்த சோதனைத் தேதி.

• கட்டணத்தில் என்னென்ன அடங்கும், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில்.

• ‘இன்டர்ன்’ என்று சேர்த்துக்கொண்டால் எத்தனை மணி நேரம் பயிற்சி, எத்தனை மணி நேரம் வேலை, வேலைக்குக் கூலி உண்டா என்பது எழுத்தில்.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை எதையும் மறைக்காதீர்கள். இடம் போய்விடும் என்று மறைத்தால் உயிர் போகும். பின்னால் இழப்பீடு கேட்பதும் சிக்கலாகும்.

காப்பீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில், சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு நேரும் காயத்துக்கான செலவு சேராது என்பது ஒன்று; ஸ்கூபா டைவிங்கின் பெயரே அதில் இருக்கிறது. குடும்பத்தின் சாதாரண மருத்துவக் காப்பீட்டை நம்பி டைவ்மாஸ்டர் வேலைக்குப் போகக் கூடாது. டைவர்களுக்கான தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். அதை முதலாளி எடுத்துத் தருகிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

கெடுதல் நேர்ந்தால்

முதலில் சான்றுகளைக் காப்பாற்றுங்கள்: ரசீது, கையெழுத்திட்ட படிவங்களின் நகல், டைவ் பதிவேடு, டைவ் கம்ப்யூட்டரில் உள்ள பதிவு, வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவமனைக் குறிப்பு. “எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அந்தத் தாள் மையத்தின் கவனக்குறைவை நுகர்வோர் ஆணையம் விசாரிப்பதைத் தடுக்காது.

கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவையில் குறைபாடு என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். சம்பவம் புதுச்சேரியிலோ அந்தமானிலோ நடந்திருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். செண்பகனூர்க்காரர் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் இணைய வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பயிற்சியாளர் விதியை மீறியிருந்தால் சான்று வழங்கும் அமைப்பின் தரக் கண்காணிப்புப் பிரிவுக்கும் எழுதுங்கள். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவும், உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 125-ஆவது பிரிவும் பொருந்தும். எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். காவலர்கள் அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வேலையில் இருந்தபோது காயம் என்றால் அது தொழிலாளர் இழப்பீட்டு விஷயம். நீருக்கடியில் வேலை பார்க்கும் டைவரை 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே தன் அட்டவணையில் சேர்த்திருந்தது.

பயிற்சி மையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: சேர்க்கைப் படிவத்தில் “அடுத்து எங்கே போகிறீர்கள்?” என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள். கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று பதில் வந்தால் மணிக்கணக்கை அப்போதே சொல்லி அனுப்புங்கள். மலையில் தங்கும் விடுதிக்காரர்களும் இதைத் தெரிந்துவைத்திருங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: “இன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் வருகிறேன்” என்று பிள்ளை போன் செய்தால், “கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீரை விட்டு மேலே வந்தாய்?” என்று கேளுங்கள். பதினெட்டு மணி நேரம் ஆகவில்லை என்றால், நாளைக்கு வரச் சொல்லுங்கள்.